பொக்லைன் போன பிறகு

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் ஆளைக் கேட்டால், "காட்டுக்குப் போயிருக்காங்க" என்பார்கள். வயலுக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசலும் காடுதான், முந்திரி நிற்கிற செம்மண்ணும் காடுதான். மரமடர்ந்த இடத்துக்கும் உழுது விதைக்கிற இடத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற சீமை இது. நாலு வருஷம் கலப்பை இறங்காவிட்டால் வயல் மறுபடி காடாகிவிடும் என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். அரியலூர் மாவட்டத்தில் காடுவெட்டி என்றே ஓர் ஊர் உண்டு. புதர் திருத்துவது எங்களுக்குப் பரம்பரை வேலை.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களில் ஒரு முடிவு ஊரெங்கும் இறுகிப்போய்விட்டது. டீக்கடையில் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள், அலுவலகத்தில் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள்: "பொக்லைனை விடு. ரெண்டே நாளில் வேரோடு தோண்டித் தள்ளிடும். குட்டி டிராக்டரை வைத்துக்கொண்டு முள்ளோடு மல்லுக்கட்டுவது பைத்தியக்காரத்தனம்." இந்த முடிவு தவறு. கொஞ்சம் நஞ்சமல்ல, அடியோடு தவறு. பணத்தை வீணாக்குகிறது, மண்ணைக் கெடுக்கிறது, எதை ஒழிக்க வந்ததோ அதையே திரும்பக் கொண்டுவருகிறது. நானே அதைச் செய்து பார்த்தவன் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

குன்னம் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மேட்டுக்காடு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபின் ஏழெட்டு வருஷம் அதில் உழவு விழவில்லை. வேலி ஓரத்தில் நின்ற சீமைக் கருவை உள்ளே வந்தது. ஆடு மேய்ந்து போட்ட புழுக்கையிலிருந்து முளைத்தது, மாட்டுச் சாணியிலிருந்து முளைத்தது, கடைசியில் கிணறு இருக்கிற இடமே தெரியாமல் மூடிக்கொண்டது. ஊரில் எல்லாரும் சொன்னபடி பொக்லைன் வாடகைக்குப் பிடித்தோம். முதல் நாள் காலை ஏழு மணிக்கு இறங்கிய வண்டி மறுநாள் மதியத்துக்குள் வேலையை முடித்துவிட்டது. அன்று சாயங்காலம் வரப்பில் நின்று பார்த்தபோது நாலு ஏக்கரும் ஒரே பார்வையில் தெரிந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து பார்த்தேன். தூர் பிடுங்கிய இடமெல்லாம் இடுப்பளவு குழி. குழியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல். இந்தக் கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புச் சத்து நிறைந்த மண் படுத்திருக்கிறது. ஒரு காலத்தில் கடல் கிடந்த நிலம் இது, அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் முளைத்ததற்கும் அதுதான் காரணம். மேலே இருக்கிற கறுப்பு மண்தான் விளைகிற மண். எங்கள் மேட்டுக்காட்டில் அது முழங்கை ஆழம்கூட இல்லை. பொக்லைன் வாளிக்கு மேல்மண், அடிமண் என்ற பேதம் கிடையாது. அடியில் இருந்த கல்லும் வெளுத்த மண்ணும் மேலே வந்தன, அப்பாவும் தாத்தாவும் எருவடித்துப் பேணிய கறுப்பு மண் குழியின் அடிக்குப் போனது. குழி விழாத இடங்களில் ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த வண்டியின் சக்கரத் தடம் இறுகிக் கிடந்தது. அடுத்த மழையில் தண்ணீர் தேங்கி நின்றது அந்தத் தடத்தில்தான்.

அந்த மழைக்குப் பின்னால் வந்தது இதைவிட மோசம். மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தால், கால் வைக்கிற இடமெல்லாம் சுண்டுவிரல் உயரத்தில் நாற்று. விதைத்துவிட்ட மாதிரி அத்தனை நெருக்கம், அத்தனையும் சீமைக் கருவை. அதற்கிடையில் தடித்த தளிர்கள் வேறு. தள்ளிக்கொண்டு போனபோது தரைமட்டத்தில் முறிந்த இளமரங்களின் தூர்கள் உள்ளேயே இருந்திருக்கின்றன. முன்பு ஒற்றைத் தண்டாக நின்ற ஒவ்வொன்றும் இப்போது ஆறேழு கிளையாகக் கிளம்பியது. இரண்டாம் சித்திரையில் இடுப்புயரம். மூன்றாம் வருஷம் பொக்லைன் விட்டதற்கான அடையாளமாகக் குழிகள் மட்டும் மிஞ்சின.

ஏன் இப்படி ஆகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. சீமைக் கருவையின் தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதியில், தரைக்குக் கீழே சுமார் ஓர் அடி ஆழம் வரைக்கும், தூங்கும் மொட்டுகள் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு மேலே எங்கே வெட்டினாலும் அது துளிர்க்கும். கீழே வெட்டினால் துளிர்க்காது. மரத்தின் உயிர் அந்த ஓர் அடியில் இருக்கிறது. அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது ஐம்பது மீட்டருக்கும் கீழே இந்த இனத்தின் வேரைக் கண்டார்கள் என்பது உண்மை, ஆனால் அந்த ஐம்பது மீட்டர் வேரையும் பிடுங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. "ஆணிவேரோடு போனால்தான் ஒழியும்" என்ற பேச்சை நம்பித்தான் நாம் பெரிய வண்டியைத் தேடிப் போகிறோம். தேவை ஓர் அடி.

இன்னொரு பாதி விதையில் இருக்கிறது. கெட்டியான ஓட்டுக்குள் இருக்கிற விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மண்ணைப் புரட்டி வெயில் படவைத்தால் அது முளைக்கிறது. அடர்ந்த நிழலில் இதன் நாற்று தேறாது. அப்படியிருக்க, நிழலையெல்லாம் ஒரே நாளில் அகற்றி, மண்ணையெல்லாம் ஒரே நாளில் புரட்டி, பிறகு அந்த நிலத்தை அப்படியே போட்டுவிட்டு வருவது, சீமைக் கருவைக்கு நாற்றங்கால் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

இந்த மரத்தைப் பற்றிய பேய்க்கதைகளும் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, மழையை வரவிடாமல் தடுக்கிறது, அடியில் கட்டிய மாடு மலடாகிறது, காமராஜர் ஆட்சியில் வெளிநாட்டுக்காரன் சதி செய்து தூவினான் என்றெல்லாம் படித்தவர்களே செல்பேசியில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். விதை இங்கே வந்தது 1877-ல், தாது வருஷப் பஞ்சம் நம்மை வாட்டிக்கொண்டிருந்த காலத்தில். ஜமைக்காவிலிருந்து தருவித்துக் கடப்பைச் சீமையில் ஊன்றினார்கள். பிற்பாடு விறகுக்கும் வேலிக்குமென்று ஊர் ஊராகப் பரப்பினார்கள். வறண்ட நிலத்தில் வேகமாக வளர்ந்து, ஏழை வீட்டு அடுப்பை எரித்து, கரிமூட்டக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மரம் இது. அது நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது, நிலத்தடி நீரை இழுக்கிறது, நாட்டுச் செடிகளை வளரவிடுவதில்லை என்பதெல்லாம் உண்மையான குற்றங்கள். அகற்ற வேண்டும் என்பதற்கு அவையே போதும். பேயாக்கிவிட்டால் ஒரே இரவில் ஓட்ட வேண்டும் என்ற வெறிதான் வரும்.

அந்த வெறியை 2017-ல் மாநிலமே பார்த்தது. வைகோ உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கெடு வைத்து அகற்றச் சொன்னது. அரியலூர் நீதிமன்றத்தில் ஜாமீன் கேட்டு வந்தவர்களுக்கு நூறு சீமைக் கருவையை வெட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. ஏரிகளில் இரவு பகலாக இயந்திரங்கள் ஓடின. அதே வருஷம் ஏப்ரலில், அறிவியல் ஆய்வு இல்லாமல் இப்படி அகற்றலாமா என்ற கேள்வி எழுந்து, சென்னையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நீதிபதிகளின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எத்தனை மரம் வெட்டினாய் என்று எண்ணிக் கணக்குக் காட்டுகிற வேலையாக இது ஆன நாளிலேயே தோற்றுவிட்டது. வெட்டிய நூறில் எத்தனை துளிர்த்தது என்று யார் எண்ணினார்கள்?

ஏரிகளில் நடந்த இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். நம் ஏரி வயிற்றில் நிற்பதெல்லாம் சீமைக் கருவை இல்லை. 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிகளில் நட்டது நாட்டுக் கருவேலம். அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாதிரி இடையிடையே இறுகியிருக்கும். சீமைக் கருவையின் பூ வால் மாதிரி நீண்ட கதிர், காய் வெளிறிய மஞ்சளில் வளைந்து தொங்கும். பக்கத்தில் நின்று பார்க்கிற சிறுவனுக்கும் வித்தியாசம் தெரியும். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடுகிற பொக்லைன் ஓட்டுநருக்குத் தெரிய வழியில்லை. நாட்டுக் கருவேலமும் போனது, வெள்வேலும் போனது.

எங்கள் காட்டிலும் அப்படித்தான் போயின. ஒரு உசிலை, இரண்டு வெப்பாலை, கிழக்கு வரப்பில் வரிசையாக நின்ற கிளுவை, காரைச்செடி, சங்கஞ்செடி, சூரை முள். "புதர்" என்ற ஒரே சொல்லில் இத்தனையையும் அடைத்துவிட்டோம். காரைப் பழமும் சூரைப் பழமும் தின்று வளர்ந்தவர்கள்தான் நாங்கள். இந்தச் செடிகளின் நிழல்தான் சீமைக் கருவை நாற்றை அடக்கி வைத்திருந்த ஒரே காவல். களையோடு காவலையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டோம். பெரம்பலூர்க் காப்புக்காடுகளை ஒட்டிய ஊர்களில் புள்ளிமான் கிணற்றில் விழுந்தது, நாய் கடித்துச் செத்தது, திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் அடிபட்டது என்று அடிக்கடி படிக்கிறோம். மறைவுக்கு ஒரு காரைப் புதரும் மிச்சம் வைக்காமல் மொட்டையாக்கிவிட்டு மானைக் குறை சொல்லி என்ன பயன்?

பிறகு ஒரு வழியாக நிலம் எப்படித் திருந்தியது என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் விறகு வெட்டியே காலம் தள்ளிய பெரியவர் ஒருவர் இருந்தார். மறுபடி மூடிக்கிடந்த காட்டை வந்து பார்த்தவர் ஒரு தூரைக் கடப்பாரையால் தோண்டி, சிவந்த பட்டையில் புள்ளி புள்ளியாக இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "கண்ணு எதுவரைக்கும் இருக்குன்னு பாரு தம்பி. இதுக்குக் கீழ வெட்டிட்டா போதும். உன் மச்சான் வெச்சிருக்காப்லயே சின்ன வண்டி, அது இழுத்துரும்." மச்சானிடம் இருந்தது இருபது குதிரைத்திறன்கூட இல்லாத மினி டிராக்டர். ஒரு டன்னுக்குள்தான் எடை. முந்திரித் தோப்பில் தாழ்ந்த கிளைக்கடியில் புகுந்து ஓட்டுவதற்கென்று வாங்கியது.

வேலை இப்படி நடந்தது. மழை விட்டு ஏழெட்டு நாள் ஆகி, கரிசல் காலில் ஒட்டாமலும் இறுகாமலும் இருக்கிற பதத்தில் இறங்கினோம். முதல் வேலையாக, மிஞ்சியிருந்த நாட்டுச் செடிகளுக்கெல்லாம் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துத் துணி கட்டினோம். கிழிசல் கட்டியதை யாரும் தொடக்கூடாது. அதன்பின் சீமைக் கருவையை முழங்கால் உயரத்தில் வெட்டி, கவைக்கோலால் முள்ளை ஒதுக்கினோம். முழங்கால் உயரம் ஏன் என்றால் சங்கிலி கட்டப் பிடி வேண்டும். சுற்றி மண்ணைப் பறித்து, பக்க வேர்களைக் கோடாரியால் வெட்டி, கட்டையில் சங்கிலியைச் சுற்றி, டிராக்டரின் பின்னால் கீழே இருக்கிற இழுப்புக் கொக்கியில் மாட்டி, முதல் கியரில் மெதுவாக இழுப்பது. கழுத்தோடு பிடுங்கி வரும், அடிவேர் உள்ளே அறுந்து நிற்கும். அது போதும். சங்கிலியை மட்டும் பின்னச்சுக்கு மேலே எங்கும் கட்டக்கூடாது. முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமாக ஓட்டுபவர் மேலேயே கவிழும். இதில் உயிர் போயிருக்கிறது.

முள் டயரைக் குத்தியது. உலர்ந்த இலையும் பூந்தூளும் ரேடியேட்டர் வலையில் அடைத்து வண்டி சூடேறியது. மணிக்கொருதரம் நிறுத்திப் பழைய துணியால் துடைத்தோம். தொடைப்பருமனுக்கு மேல் இருந்த நாலைந்து கிழட்டுத் தூர்களைச் சின்ன வண்டி அசைக்கவில்லை, அவற்றுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பொக்லைன் கூப்பிட்டோம். அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. ஒரு தூரைக் காட்டி, இதைமட்டும் எடு என்று பக்கத்தில் நின்று சொல்ல முடிகிறபோது அது நல்ல வேலைக்காரன். நாலு ஏக்கரை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறபோதுதான் அது பாழாக்குகிறது.

பிடுங்கிய முள்ளைக் கொளுத்தவில்லை. விறகு விலைக்குப் போனது, முள்ளைச் சரிவின் குறுக்கே வரிசையாக அடுக்கினோம். மழைத்தண்ணீர் அதில் தங்கி வண்டலை விட்டுப் போனது. பிடுங்கிய துண்டு காலியாகக் கிடக்கவிடாமல் உடனே கொள்ளும் தட்டைப்பயறும் தீவனச்சோளமும் விதைத்தோம். ஒரு பருவத்துக்கு ஒரு ஏக்கர். நாலு ஏக்கருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஒவ்வொரு மழைக்கும் பின்னால் பென்சில் தடிமனில் வந்த நாற்றை ஈரத்திலேயே கையால் பிடுங்கினோம். மூன்றாம் வருஷம் பிடுங்க அதிகம் இல்லை.

இங்கே எதிர்வாதம் வரும். ஆள் எங்கே கிடைக்கிறது, கூலி என்ன ஆகிறது என்பார்கள். இது ஒன்றுதான் மறுதரப்பில் இருக்கிற வலுவான வாதம், அதை லேசாகத் தள்ள நான் தயாரில்லை. எங்களுக்கும் ஆள் கிடைக்கவில்லை. தோண்டுவது மூன்று பேர், வண்டியில் ஒருவர், அவ்வளவுதான். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். பொக்லைன் வாடகையை முதல் நாள் ரசீதோடு முடித்துவிடுகிறோம். குழி தூர்க்க அடித்த மண், இறுகிய தடத்தை உடைக்க ஓட்டிய சட்டிக் கலப்பை, விளையாத இரண்டு வெள்ளாமை, மூன்றாம் வருஷம் மறுபடி கூப்பிட்ட பொக்லைன் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால், கூலி அதிகம் என்ற பேச்சு எங்கள் காட்டில் நிற்கவில்லை.

உலகத்தில் வேறிடங்களிலும் இதே பாடத்தைத்தான் கற்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே கப்பல் சங்கிலியைக் கட்டி இழுத்துக் காடு காடாகச் சாய்த்தார்கள், சாய்த்த இடத்தில் புதர் திரும்பி வந்து பல்லாண்டு அலைக்கழித்தது. தென்னாப்பிரிக்காவில் 1995-ல் தொடங்கிய 'தண்ணீருக்காக உழைப்போம்' என்ற அரசுத் திட்டம் ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அந்நிய மரங்களை அகற்றியது. மறுபடி மறுபடி போய்த் துளிரை எடுக்காத இடத்தில் முதல்முறை செலவழித்த பணமும் வீண் என்பது அங்கே தெளிவானது. உன்னிச்செடிக்கு டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு கண்ட வழி இன்னும் எளிது. தரைக்குக் கீழே சில அங்குலத்துக்குள் ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அதற்கு ஒரு மண்வெட்டி போதும். நம் பச்சைமலைச் சரிவுக்கும் இப்படிப்பட்ட கைவேலைதான் பொருந்தும், அங்கே பொக்லைன் ஏறவும் முடியாது, ஏறவும் கூடாது.

தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அகற்றுவதோடு சூழலை மீட்பதும் அதன் பெயரிலேயே இருக்கிறது. பெயரில் இருப்பது ஒப்பந்தப் புள்ளியிலும் வர வேண்டும். ஏரியிலும் புறம்போக்கிலும் மரத்தை எடுத்துச் செல்வதற்கு ஏலம் விடுகிறோம், மரத்தை எடுத்ததும் ஒப்பந்தக்காரரின் வேலை முடிந்துவிடுகிறது. துளிர்ப்பது யாருடைய பொறுப்பும் இல்லை என்றால் அது துளிர்க்கத்தான் செய்யும்.

ஆகவே இரண்டு மாவட்ட நிர்வாகங்களுக்கும் என் கோரிக்கை இது. அடுத்த முறை ஏரியில் சீமைக் கருவை அகற்ற ஏலம் விடும்போது, இரண்டாம் வருஷமும் மூன்றாம் வருஷமும் வந்து துளிரையும் நாற்றையும் எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் கடைசித் தவணை என்று ஒரு வரி சேருங்கள். வாடகைக்கு இயந்திரம் கொடுக்கிற வேளாண் பொறியியல் துறை, மினி டிராக்டரோடு ஒரு நல்ல சங்கிலியையும் அதைப் பத்திரமாகக் கட்டச் சொல்லித்தர ஓர் ஆளையும் சேர்த்துக் கொடுக்கட்டும். காடு மூடிக்கிடக்கிற என் சக விவசாயிகளே, இந்த ஐப்பசி மழை விட்டதும் நாலு ஏக்கரையும் பார்க்காதீர்கள். ஒரு ஏக்கரை அளந்து, காப்பாற்ற வேண்டிய செடிகளுக்குத் துணி கட்டிவிட்டு அங்கே தொடங்குங்கள்.